ஒரு துளிகூட வெளியே போகாத அறை

தெருவில் அவருக்குக் கடப்பாரை என்று பெயர். ஐம்பத்தைந்து வயதிலும் நிறைந்த கேஸ் சிலிண்டரை ஒற்றைத் தோளில் வைத்து மாடியேறுகிற ஆள். அப்பேர்ப்பட்டவர் ஒரு நாள் பல் தேய்க்கும்போது தும்மினார்; விலா எலும்பு முறிந்துவிட்டது. தும்மினால் எலும்பு முறியுமா என்று மனைவியே சிரித்துவிட்டாள். எக்ஸ்ரேயைப் பார்த்த பிறகுதான் அந்தச் சிரிப்பு அடங்கியது.

ரத்த அழுத்தம் பார்க்கும் பாதரசக் கருவிகளைப் பழுது பார்ப்பது அவர் தொழில். வீட்டின் பின்னறைதான் பட்டறை. வெள்ளியாய் மினுக்கிக்கொண்டு தண்ணீராய் ஓடுகிற அந்தப் பொருள்மேல் அவருக்குத் தீராத மயக்கம். கண்ணாடிக் குழாயில் அது ஏறும்போதெல்லாம், அன்றைக்குத்தான் முதன்முதலாகக் காண்பதுபோல் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார். தூசி பட்டால் பாதரசம் அழுக்காகிவிடும் என்று ஜன்னலைத் திறக்கவே விடமாட்டார். மின்விசிறியும் கிடையாது. வேர்த்து விறுவிறுத்து வேலை செய்வதில் ஒரு பெருமை வேறு!

எலும்பின் அடர்த்தியையும் சிறுநீரையும் சோதித்துவிட்டு டாக்டரம்மா படத்தை அவர் பக்கம் திருப்பினார். தன் முதுகெலும்பைத் தானே பார்ப்பது அவருக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. இவ்வளவு நாளும் தன்னைச் சுமந்தது இதுதானா!

"எண்பது வயசுக்காரர் எலும்பு மாதிரி இருக்கு. உடம்புல பாதரசமும் அளவுக்கு மேல இருக்கு. அதனாலதான் எலும்பு இப்படி ஆச்சுன்னு அடிச்சுச் சொல்லமாட்டேன். ஆனா சந்தேகப்படாம இருக்கவும் முடியாது."

"அதெல்லாம் இருக்காதுங்க. நான் அவ்வளவு சுத்தம். ஒரு துளிகூட அந்த ரூமை விட்டு வெளிய போனதில்ல."

"அதைத்தான் நானும் சொல்றேன். எதுவும் வெளிய போகல. அத்தனையும் ஆவியா உங்க மூச்சுக்குள்ள போயிருக்கு. மருந்து தர்றேன். எலும்பு தேறுற வரைக்கும் எதையும் தூக்கக்கூடாது."

"அடுத்த வாரம் பேத்தி வர்றா. இன்னும் நேர்ல பாத்ததே இல்ல. அவளையுமா?"

"அவளையுந்தான்."

அவர் முகம் தொங்கிப்போயிற்று. தோளில் உட்காரவைத்துத் தெருவையே சுற்றிக் காட்டுவேன் என்று போனில் மகளிடம் அளந்திருந்தார். அவர்கள் தங்குவதற்குப் பின்னறையைத்தான் ஒழித்துத் தருவதாகவும் சொல்லியிருந்தார்.

டாக்டரம்மா சொன்னபடி, வீட்டுக்கு வந்ததும் மனைவி அந்த இருட்டறையின் தரையோடு தரையாக டார்ச்சை வைத்து அடித்தாள்.

அம்மாடி! கல்லுக்குக் கல் நடுவே இருந்த இடுக்கெல்லாம் மினுங்கியது. மேசைக்கடியில், சுவரோரத்தில், கதவுச் சந்தில், எங்கும் கடுகைவிடச் சின்ன மணிகள். தினமும் அவர் தன் கையால் பெருக்கிய தரை அது. இத்தனை அழகை அவர் எங்கேயும் கண்டதில்லை, இத்தனை பயத்தையும்தான்.

"அழகாத்தான் இருக்கு. குழந்தை தவழ்ந்து வந்து பொறுக்கி வாயில போட்டுக்குவாளே," என்றாள் மனைவி.

"ஜன்னலைத் திற," என்றார் கடப்பாரை. அதுவரை அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததே இல்லை. அன்றே அறையைப் பூட்டினார்கள். பாதரசத்தை அகற்றத் தெரிந்த ஆட்கள் முகமூடி போட்டுக்கொண்டு வந்து தரையைப் பெயர்த்து எடுத்துப் போனார்கள். கருவிகளும் போயின. அவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மகள் வந்ததும் குழந்தையை நீட்டினாள். அவர் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"என்னப்பா, தோள்ல தூக்குறேன்னு அந்த அளப்பு அளந்தீங்க?"

"மடியில வைம்மா," என்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

குழந்தை அவரை முறைத்துப் பார்த்தது. பிறகு அவருடைய இரண்டு ஆள்காட்டி விரல்களையும் பிடித்துக்கொண்டது. அந்தக் குட்டி மணிக்கட்டை அவர் மெல்லத் தடவினார். உள்ளே எலும்பு இருக்கிறதா என்றே தெரியவில்லை.

"இத்துனூண்டு எலும்பு! இது எப்பம்மா நிக்கிறது, எப்ப நடக்கிறது?"

கேட்டு வாய் மூடவில்லை. குழந்தை அவர் தொடைகளில் பாதத்தை ஊன்றி, விரல்களை இறுக்கிப் பிடித்து, முக்கி முனகி எழுந்து நின்றது.

"அப்பா! இன்னைக்குத்தான் முதல் தடவையா நிக்கிறா!" என்று மகள் கத்தினாள்.

பேத்தி தானாக உட்காரும்வரை கடப்பாரை அசையவே இல்லை.