லிஃப்ட் மெக்கானிக் தரைக்கு வந்த விதம்

மருத்துவமனையின் நான்காம் மாடியிலிருந்த கடைசி அறை, மழை ஓய்ந்த வாரத்தில் மூன்றாம் மாடிக்கு இறங்கியது. உள்ளே படுத்திருந்த லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஒரு குலுக்கலும் தெரியவில்லை. கட்டிலோரத்து டம்ளரிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூடச் சிந்தவில்லை. பள்ளிக்கூட வேன் ஓட்டும் அவருடைய மகள்தான் அதை முதலில் கண்டாள். காலை நடையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, நான்கு மாடியும் ஏறி வந்து கதவைத் திறந்தால், அப்பா இருந்த இடத்தில் போர்வைகளும் தலையணை உறைகளும் கூரை வரை அடுக்கியிருந்தன. அதற்குள் எல்லாம் முடிந்து அறையையும் காலி செய்துவிட்டார்களோ என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெரிய நர்ஸ் வந்து, அப்பா ஒரு மாடி கீழே இருக்கிறார், கிடங்கு மேலே வந்துவிட்டது என்று, பஸ் நிற்கும் இடம் மாறிப்போனதைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு நடந்தார்.

இனிக் குணப்படுத்த ஒன்றுமில்லை, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லப்பட்டவர்கள் இருக்கும் பகுதி அது. லிஃப்ட் மெக்கானிக் பெரிய பக்திமான் ஒன்றுமில்லை. மனைவி உயிரோடு இருந்தவரை, அவள் விரட்டினால் கோயிலுக்குப் போவார். போனாலும் செருப்புக்குக் காவல் என்று வாசலிலேயே நின்றுவிடுவார். ஆனால் உடம்பு ஒடுங்க ஒடுங்க அவருக்கு இரண்டே ஆசைகள் மிஞ்சின. மூச்சு போகும்போது முதுகு தரையில் இருக்க வேண்டும், அவருடைய அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இருந்ததுபோல. நாக்கில் சாமி பேர் இருக்க வேண்டும். முதலாவதற்கு மருத்துவமனை விதியில் இடமில்லை. நோயாளியைத் தரையில் கிடத்தக் கூடாது. இரண்டாவதற்காக அவர் வலி ஊசியைக் கண்டாலே கையை இழுத்துக்கொண்டார்.

"ஊசி போட்டா நாக்கு கட்டையாயிடுதும்மா. கூப்பிட வேண்டிய நேரத்துல பேரு வரலைன்னா என்ன பண்றது?" என்றார் மகளிடம்.

அதனால் வலி அவரைப் புரட்டி எடுத்தது. கட்டில் கம்பியைப் பிடிப்பார், விடுவார், விரிப்பைப் பிராண்டுவார், ஒரு காலை வெளியே போட்டு எதையோ துழாவுவார். பார்த்துக்கொண்டிருந்த மகளுக்கும் இருப்புக் கொள்ளவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் ஜன்னலுக்குப் போகத் தோன்றும், ஜன்னலுக்குப் போனால் வராந்தாவுக்கு. வேனில் உட்கார்ந்திருக்கும்போதுகூட, வண்டி நின்ற பிறகும் அவள் கால் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தது.

அவளுடைய அண்ணன் கண்ணாடிக்கடை வைத்திருந்தான். தினமும் சாயங்காலம் அப்பாவால் தின்ன முடியாத பழங்களை வாங்கி வருவான்; வந்ததும் கட்டிலின் கைப்பிடியைச் சுற்றி, தலைப்பக்கத்தை உயர்த்திவிட்டு, "இப்ப நல்லா இருக்குல்ல?" என்பான். தரையில் இறக்கும் பேச்சை எடுத்தாலே அவனுக்கு முகம் சிவந்துவிடும். அறை இறங்கிய சேதி கேட்டதும் நிர்வாகத்தோடு மல்லுக்கு நின்று, அப்பாவை நான்காம் மாடியிலேயே வேறொரு அறைக்கு மாற்றினான். மறுநாள் மதியம் அந்த அறையும் இறங்கிவிட்டது. நடுவில் நிற்கவில்லை, ஒரேயடியாக இரண்டாம் மாடி. அங்கே இருந்த டாக்டர்களின் ஓய்வறை மேலே போனதில், அவர்களுக்கு டீ ஆறிப்போய்க் கிடைத்தது என்பதைத் தவிரப் பெரிய புகார் எழவில்லை. கட்டடப் பொறியாளர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்து, விரிசல் இல்லை என்று கையெழுத்துப் போட்டார். படுக்கையிலிருந்து ஒரு மெல்லிய குரல், ஒன்று இறங்கினால் ஒன்று ஏறத்தான் செய்யும் சார், பயப்படாதீங்க, என்று அவரைத் தேற்றியது.

அந்த வார முடிவில் அறை தரைத்தளத்துக்கு வந்து சேர்ந்தது. அங்கிருந்த சைக்கிள் நிறுத்தம் இரண்டாம் மாடிக்குப் போய்விட, ஊழியர்கள் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் தரை ஓடுகள் தாமாக விலகி, ஒரு ஆள் படுக்கும் நீளத்துக்கு ஈர மண் தெரிந்தது. இத்தனை தூரம் வந்த அறை மிச்சத்தையும் தானே பார்த்துக்கொள்ளும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். கட்டில் அசையவில்லை. லிஃப்ட் மெக்கானிக் கையைத் தொங்கவிட்டார். விரல் நுனிக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு முழம் இருந்தது. அன்றைக்கு அவர் தவித்த தவிப்பை முன்பு எந்த நாளும் தவிக்கவில்லை.

டாக்டர் வந்து மண்ணைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். வலி மட்டுப்பட்டு, ஆனால் பேச்சு தடைபடாத அளவாக மருந்தைக் குறைத்துத் தருகிறேன், ஒத்துவராவிட்டால் சொல்லுங்கள், நிறுத்திவிடுகிறேன் என்று அவரிடமே பேசி, கையை நீட்ட வைத்தார். பிறகு மகளிடம் சொன்னார்: "தரையில கிடத்தக் கூடாதுன்னுதான் விதி. இது மண்ணு. மண்ணைப் பத்தி எதுவும் எழுதலை."

மகள் பாயை விரித்தாள். அண்ணன் வாசலிலேயே நின்றான்.

"ஒரு கை பிடிண்ணா."

"என்னால முடியாது. இறக்கினா போயிடுவாரு. பெத்த புள்ளை நானே அனுப்பி வைக்கணுமா?"

"இறக்கலைன்னாலும் போகத்தான் போறாரு. தவிச்சுக்கிட்டே போவாரு. உனக்கு அது பரவாயில்லையா?"

அவன் வெளியே போய்ச் சைக்கிள்கள் முன்பு போய்வந்த பாதையில் கொஞ்ச நேரம் நடந்தான். திரும்பி வந்து, பழப் பையைக் கீழே வைத்துவிட்டு, கட்டிலின் கைப்பிடியை எதிர்ப்பக்கமாகச் சுற்றினான். தலைப்பக்கம் கிறீச்சிட்டுத் தாழ்ந்தது. அப்பாவின் முதுகுக்கு அடியில் கையைக் கொடுத்தபோது அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது; அந்த உடம்பில் கனமே இல்லை. தங்கை கால்பக்கம் பிடித்தாள்.

"லெவல் பார்த்து இறக்குடா," என்றார் அப்பா. "உன் பக்கம் சாயுது."

"சரிப்பா," என்றான். சிரிக்கப்போய் அழுதுவிட்டான்.

பாயின் ஓரத்தைத் தாண்டி அவர் உள்ளங்கை மண்ணில் பட்டதும், வாரக்கணக்காக ஓயாத கால்கள் ஓய்ந்தன. துளசி போட்ட தண்ணீரை மகள் ஸ்பூனால் ஊற்றினாள், இறங்கியது. மதியம் முழுவதும் அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது. பெருமாள் பேர் வந்தது, முருகன் பேர் வந்தது, வரிசையில் நடுவே இவர்களுடைய அம்மாவின் பேரும் வந்தது. யாரும் திருத்தவில்லை. நாலாவது முறை அம்மாவின் பேர் வந்தபோது அடுத்தது வரவில்லை. அண்ணன் கொஞ்ச நேரம் குனிந்தே காத்திருந்தான்.

அறை மறுபடி மேலே போகவில்லை. தரை வேண்டும் என்று கேட்பவர்களுக்கு மருத்துவமனை அதைக் கொடுக்க ஆரம்பித்தது, பாய்களும் வாங்கிப்போட்டது. மகள் அப்பாவின் போர்வையை வாங்கிப்போக வந்த அன்று, வாசலில் பெரிய நர்ஸ் சாப்பாட்டுத் தூக்கோடு ஒரு நீண்ட ஏணியைச் சாத்திக்கொண்டிருந்தார். கண் மூடும்போது வானம் தெரிய வேண்டும் என்று கேட்ட தையற்காரர் ஒருவரின் அறை நேற்று ஐந்தாம் மாடிக்கு ஏறிவிட்டதாம். கட்டடத்துக்கு மாடி நான்குதான். படிக்கட்டு அங்கே போகாது.

"இன்னும் ஏறுமா சிஸ்டர்?" என்று கேட்டாள் மகள்.

"தெரியலம்மா. ஏணி மட்டும் கொஞ்சம் நீளமாவே வாங்கியிருக்கோம்."

மகள் போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு, நர்ஸ் ஏறி இறங்கும் வரை ஏணியின் அடியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.