இருநூற்றுப் பதினாலாம் வரி

அலுவலகத்தில் எனக்குக் கல்வெட்டு என்று பெயர். வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள். நான் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டேன்.

பல் மருத்துவமனைகளுக்கு முன்பதிவு மென்பொருள் எழுதிக் கொடுப்பது எங்கள் பிழைப்பு. அந்த நிரலில் எங்கே என்ன இருக்கிறது என்று பதினோரு வருடமாக ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் குறித்து வந்தேன். ஒவ்வொரு குறிப்பின் முடிவிலும் கோப்பின் பெயர், வரி எண். அதைச் சொடுக்கினால் நேரே அந்த வரியில் போய் நிற்கும். புதிதாக வருகிறவர்களுக்கு இதைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசுவேன். தண்ணீர் குடிக்கும் இடைவேளை தனி.

டீச்சரும் அதைக் கேட்டவர்தான். இருபது வருடம் கணக்குப் பாடம் எடுத்துவிட்டு, நாற்பத்தைந்து வயதில் நிரல் கற்று வந்தவர். ஆறு மாத சோதனைக் காலம் முடிய ஒரு வாரம் இருந்தது.

மாமனாரின் கண் அறுவைக்காக மூன்று நாள் விடுப்பில் போனேன். "எல்லாம் குறிப்புல இருக்கு, டீச்சர். கண்ண மூடிக்கிட்டு செய்யலாம்" என்று சொல்லிவிட்டுத்தான் போனேன்.

இரண்டாம் நாள் ஒரு மருத்துவமனை, முன்பதிவை உறுதிசெய்யக் கேட்கும் செய்திக்கு நோயாளி பதில் சொல்ல மூன்று நிமிடம் போதவில்லை, முப்பதாக்குங்கள் என்று கேட்டது. குறிப்பில் என் வாசகம்: "பதில் நேரத்தை நீட்ட 214-ஆம் வரியில் உள்ள 3-ஐ மாற்றவும். யோசிக்க வேண்டாம்." டீச்சர் சொடுக்கினார். அங்கே ஒரு 3 இருந்தது. முப்பதாக்கினார். மறுநாள் காலை நாற்பது பேருக்கு, "நாளை உங்கள் கடைவாய்ப் பல் அகற்றப்படும்" என்று ஆளுக்கு முப்பது முறை செய்தி போனது. பலர் வரவே இல்லை.

திரும்பி வந்த அன்றே கூட்டம்.

"குறிப்புல இருநூத்திப் பதினாலுன்னுதான் சார் இருந்துச்சு" என்றார் டீச்சர்.

"வரி என்ன கால் முளைச்சு நடந்தா போகும்? கணக்கு டீச்சருக்கு நம்பர் படிக்கத் தெரிய வேணாமா?" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் தன் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சோதனைக் காலத்தை இன்னும் மூன்று மாதம் நீட்டலாம் என்றார் மேலாளர். நான் பெருந்தன்மையாகத் தலையசைத்தேன்.

இடத்துக்கு வந்து அந்த இணைப்பைச் சொடுக்கினேன். இருநூற்றுப் பதினாலில் இருந்தது, எத்தனை முறை செய்தி அனுப்புவது என்ற எண். நான் சொன்ன நிமிடக் கணக்கு இருநூற்று இருபத்தாறில் இருந்தது. நிரலில் இந்த எண்களைத் தாங்கும் மாறிகளுக்கு நான் வைத்த பெயர்கள் அ1, அ2. பார்த்து யாருக்கும் எதுவும் விளங்காது. வேறு குறிப்புகளையும் சொடுக்கிப் பார்த்தேன். எல்லாமே பன்னிரண்டு வரி பிசகு. போன மாதம் ஒவ்வொரு நிரல் கோப்பின் தலையிலும் பன்னிரண்டு வரி அறிவிப்பு ஒன்று சேர்க்கப்பட்டிருந்தது. பன்னிரண்டு வரிக்கும் சாரம்: இதைத் தொடும் முன் என்னைக் கேட்கவும், இப்படிக்கு நான்.

நேரே எழுந்து மேலாளரிடம் போயிருக்க வேண்டும். நான் செய்தது வேறு. குறிப்புக் கோப்பைத் திறந்து, எல்லா எண்ணிலும் பன்னிரண்டைக் கூட்டிச் சேமித்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

மறுநாள் காலை டீச்சர் என் மேசைக்கு வந்தார்.

"நேத்து இருநூத்திப் பதினாலு. இன்னைக்கு இருநூத்தி இருபத்தாறு" என்றார்.

நான் குறிப்புக் கோப்பை மூடினேன்.

"கூட்டத்துக்கு முன்னாடியே கண்டுபிடிச்சிட்டேன் சார். எல்லார் முன்னாடியும் உங்கள மாட்டிவிட வேணாம், பாத்ததும் நீங்களே சொல்லிருவீங்கன்னு இருந்துட்டேன்." கிளம்பத் திரும்பினார். "என் தப்புதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

திட்டியிருந்தால் பதில் வைத்திருந்தேன்.

மேலாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டார். "மூணு மாசம்னு கடிதமே போயிடுச்சுப்பா. மாத்தணும்னா மேலிடத்துல காரணம் கேப்பாங்க. நீயே எழுது" என்று விசைப்பலகையை என் பக்கம் தள்ளினார்.

"ஒரு தொழில்நுட்பக் குழப்பத்தால்" என்று தொடங்கினேன். அழித்தேன். "தவறுதலாக" என்று தொடங்கினேன். அதையும் அழித்தேன். கடைசியில் எழுதியது இவ்வளவுதான்: குறிப்பு தவறு. எழுதியவன் நான். தெரிந்த பிறகு எண்களைத் திருத்தி மறைத்தவனும் நான். அவரை நிரந்தரமாக்கவும்.

மேலாளர் படித்தார். "மறைச்சதையும் போடணுமா? அது யாருக்கும் தெரியாதேப்பா."

"டீச்சருக்குத் தெரியும்" என்றேன். "அனுப்புங்க."