சார்ஜ் கடைக்காரன் மேல் போட்ட பழி

பங்குனி மாதத்தில் ஒரு நாள் காலை, புத்தூர் ரயிலடியில் டாக்ஸி ஓட்டும் திருமலை தன் காரின் செல்ஃப் ஸ்டார்ட்டரை இழுத்தபோது இஞ்சின் உடனே எழும்பவில்லை. ரெண்டு முறை முனகி, மூன்றாவது முனகலில்தான் பிடித்துக்கொண்டது. பக்கத்தில் நின்ற மற்ற டிரைவர்களுக்குக் கேட்டிருக்குமோ என்று சுற்றுமுற்றும் பார்த்தான். யாரும் திரும்பவில்லை. அவனுக்கு அது போதுமாக இருந்தது.

அவனுக்கு வயது நாற்பத்திரண்டு. முன்பு ஒரு ஜமீன் பங்களாவில் கார் ஓட்டியவன். பங்களா கலைந்தபோது அந்தக் கறுப்புக் காரையே வாங்கிக்கொண்டு ஸ்டாண்டுக்கு வந்துவிட்டான். மற்றவர்கள் காலையில் இரும்பு ஹாண்டிலை முன்பக்கம் சொருகி, மூச்சு முட்டச் சுற்றிக்கொண்டிருக்கும்போது இவன் உள்ளே உட்கார்ந்தபடி ஒரே இழுப்பில் கிளம்புவான். "ஹாண்டில் சுத்தறதெல்லாம் லாரிக்காரன் வேல. என் வண்டிக்கு நோவுன்னு ஒண்ணு கெடையாது" என்பான். அந்தப் பெருமையில் ஹாண்டிலையே எடுத்துக்கொண்டுபோய் வீட்டில் கட்டிலுக்கு அடியில் போட்டு வைத்திருந்தான்.

முனகல் அந்த ஒரு நாளோடு நிற்கவில்லை. வண்டி நின்றபடி ஓடும்போது முன்விளக்கு மஞ்சளாக மங்கியது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் பளிச்சென்று வந்தது. ஹாரன் சளி பிடித்தவன் குரல்போல் கம்மியது. பானெட்டைத் திறந்து பார்த்தால் பாட்டரியின் முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பொடி பூத்திருந்தது. பதினைந்து வருஷம் ஸ்டியரிங் பிடித்தவனுக்கு இதெல்லாம் என்னவென்று தெரியாமல் இல்லை. பொடியைத் துணியால் துடைத்தான், பானெட்டை மூடினான். அவ்வளவுதான்.

ஒரு வாரம் கழித்து, யாரும் இல்லாத மத்தியான வேளையாகப் பார்த்து, ஞானசிங்கின் பாட்டரி சார்ஜ் கடைக்குப் போனான். ஞானசிங் மிஷன் பள்ளியில் படித்தவன். இவனைவிடப் பத்து வயது இளையவன். ரயிலடி ரோட்டில் அவன் கடை ஒன்றுதான். பஸ் கம்பெனி பாட்டரிகள் முழுக்க அவனிடம்தான் வரும். திருமலையின் பாட்டரிக்கு ராத்திரி முழுவதும் சார்ஜ் ஏற்றி, மறுநாள் காலையில் ஆறு செல்களின் மூடிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து, கண்ணாடிக் குழாயில் ஆசிட்டை உறிஞ்சி மிதவை எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தான்.

"அண்ணே, அஞ்சு செல்லு நல்லா கீது. மூணாவது செல்லு மட்டும் செத்துக்கினு வருது. இதுல மட்டும் தண்ணி சீக்கிரமா வத்தியிருக்கும், பாத்திருப்பியே?"

"ஆமா, வத்துது."

"அதான். ரெண்டு நாளு வண்டிய நிறுத்திட்டு இங்க வுடு. பிரிச்சு அந்தப் பிளேட்ட மாத்திக் குடுக்கறேன். அதுவரிக்கும் தூரமா சவாரி போவாத. போனாலும் நடுவுல இஞ்சின நிறுத்தாத. அப்புறம் ஒண்ணு, டிஸ்டில் வாட்டர் தவிர வேற தண்ணி ஊத்திடாத. நம்மூரு கெணத்துத் தண்ணி உப்பு."

"சரி சிங்கு" என்று திருமலை பாட்டரியைத் தூக்கிக்கொண்டு வந்தான். ரெண்டு நாள் வண்டியை நிறுத்தினால் ஸ்டாண்டு முழுக்கத் தெரிந்துபோகும். நோவே இல்லாத வண்டிக்கு என்ன வந்தது என்று கேட்பார்கள். கல்யாண சீசன் முடியட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சித்திரை வெயிலில் மூன்றாவது செல் மறுபடியும் வற்றியது. டிஸ்டில் வாட்டருக்கு ஞானசிங்கிடம் போனால், வண்டியை எப்போது விடுகிறாய் என்று கேட்பான். திருமலை வீட்டுக் குடத்திலிருந்து ஒரு சொம்பு மொண்டு ஊற்றி மூடினான். மனைவி தாட்சாயணி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதெல்லாம் நடந்தது, சென்னை ராஜ்யத்திலிருந்து ஆந்திரா பிரிந்துபோய் நாலு வருஷம் ஆன சமயத்தில். எந்த ஊர் எந்தப் பக்கம் என்பது இன்னும் முடிவாகவில்லை. எல்லை விஷயமாக மனு வாங்க ஒரு அதிகாரி திருப்பதி வந்திருப்பதாகவும், மறுநாள் பகல் பன்னிரண்டு மணிவரை நேரில் பேச விடுவதாகவும் செய்தி வந்தது. புத்தூருக்குக் கிழக்கே உள்ள மாங்காட்டுக் கண்டிகைக்காரர்கள், தங்கள் ஊரைத் தமிழ்ப் பக்கம் சேர்க்கச் சொல்லி, ஏற்கெனவே மூன்று ராத்திரி உட்கார்ந்து மனு எழுதியிருந்தார்கள். அதை எடுத்துப்போக ஊர்ப் பெரியவர் சின்னசாமியும், செங்கம்மாவும், இன்னும் இரண்டு பேரும் கிளம்பினார்கள். செங்கம்மா புருஷன் இல்லாமல் தனியாக நாலு ஏக்கர் பயிர் வைப்பவள். தன் நிலத்துக் கேஸுக்குத் தெலுங்கில் வந்த நோட்டீஸைப் படிக்கத் தெரியாமல் வாய்தாவைத் தவறவிட்டவள். அதிகாரியிடம் அவள்தான் பேச வேண்டும் என்று ஊரே சொல்லியிருந்தது.

பஸ்ஸை நம்பாமல் அவர்கள் திருமலையிடம் வந்தார்கள். "உன் வண்டிதாம்பா நின்னுபோவாதுன்னு சொன்னாங்க" என்றார் சின்னசாமி.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். வேறு வண்டியைக் காட்டியிருக்கலாம். "குந்துங்க பெரியவரே, ஒரு மணி நேரத்துல திருப்பதி" என்றான் திருமலை.

வடமாலப்பேட்டை தாண்டி ஒரு ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி நீளமாகப் போய்க்கொண்டிருந்தது. பெட்ரோலை மிச்சம் பிடிக்கும் பழக்கத்தில் அவன் கை தானாகச் சாவியைத் திருப்பி இஞ்சினை அணைத்தது. அணைத்த பிறகுதான் ஞானசிங் சொன்னது ஞாபகம் வந்தது. கேட் திறந்தது. செல்ஃபை இழுத்தான். 'டக்' என்று ஒரு சத்தம், அதற்குமேல் ஒன்றுமில்லை. பின்னால் பஸ் ஹாரன் அடித்தது, மாட்டு வண்டிக்காரர்கள் கத்தினார்கள்.

"ஹாண்டிலப் போடுப்பா" என்றார் சின்னசாமி.

"வூட்ல கீது" என்றான் திருமலை.

தள்ளினார்கள். சலவை வேட்டி கட்டிய எழுபது வயதுச் சின்னசாமி வண்டியின் பின்பக்கத்தில் தோளைக் கொடுத்தார். செங்கம்மா முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு தள்ளினாள். பஸ்ஸிலிருந்து தலைகள் நீண்டு பார்த்தன. வண்டி இருமிக்கொண்டு கிளம்பியது. ஒரு மைல் போவதற்குள் ஆட்டு மந்தை குறுக்கே வர, வேகம் குறைந்ததும் நின்றுபோனது. மறுபடி தள்ளினார்கள். திருச்சானூர்ப் பக்கம் இன்னொரு முறை. வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. மூன்றாவது முறை தள்ளியபோது சின்னசாமியின் செருப்பு வார் அறுந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினார்.

அவர்கள் அதிகாரி தங்கியிருந்த விடுதி வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டே முக்கால். குமாஸ்தா ஒருவர் மட்டும் காகிதங்களைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"இப்புடா ஒச்சேதி? சாரு எல்லிப்போயாரு" என்றார். இப்போதா வருகிறீர்கள், அதிகாரி கிளம்பிவிட்டாரே என்பது அதற்கு அர்த்தம். குமாஸ்தா மனுவை வாங்கி, கட்டுக்கு அடியில் செருகிக்கொண்டார். செங்கம்மா வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தைகளைக் கேட்க அங்கே யாரும் இல்லை. புழுதி படிந்த முகத்தோடு அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

சின்னசாமி திரும்பினார். "இன்னா ஆச்சுப்பா வண்டிக்கு?"

நாலு பேரும் அவனையே பார்த்தார்கள். திருமலை யோசிக்கவில்லை. வாய் தானாகச் சொன்னது: "நான் இன்னா பண்றது பெரியவரே? பத்து நாளைக்கி மின்னதான் சார்ஜ் ஏத்தினேன். அந்த ஞானசிங்கு சரியா ஏத்தாம குடுத்துட்டாம்பா. ஏமாத்திட்டான்."

சொன்னதும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியதுபோல் இருந்தது. அந்த சுகம் புத்தூர் வரைக்கும்தான் நீடித்தது.

எங்கிருந்தோ ஒரு ஹாண்டிலைக் கேட்டு வாங்கிச் சுற்றி, ஒருவழியாகச் சாயங்காலம் ஊர் திரும்பினார்கள். "அந்தக் கடையாண்ட நிறுத்து" என்றாள் செங்கம்மா. திருமலை நிறுத்தினான். அவள் இறங்கினாள். நடு ரோட்டில் நின்று, ரயிலிலிருந்து இறங்கி வந்த ஜனம் எல்லாம் கேட்க, கத்தினாள். "நீ ஒழுங்கா வேல செஞ்சிருந்தா என் ஊரு சனத்துக்கு வாயி இருந்திருக்கும்டா! ஞாயித்துக்கெழமையானா கோயிலுக்குப் போறியே, உனுக்கு மனசாட்சி இல்ல? நீயும் உன் கடையும் மண்ணாப் போவ!"

ஞானசிங் ஆசிட் கறை படிந்த கைகளைத் துணியில் துடைத்தபடி வெளியே வந்தான். வண்டிக்குள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த திருமலையைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். திருமலை வண்டியின் முன்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தான். அது சுத்தமாகத்தான் இருந்தது.

பேச்சு ரயிலடி முழுக்கப் பரவியது. ஒரு வாரத்தில் பஸ் கம்பெனி தன் பாட்டரிகளைக் காளஹஸ்திக்கு அனுப்பத் தொடங்கியது. ஞானசிங்கின் கடை வாசலில் வரிசையாக நின்ற பாட்டரிகள் குறைந்து, பலகை வெறுமையாகத் தெரிந்தது. அவன் காலையில் கடையைத் திறந்து, கூட்டி, தண்ணீர் தெளித்துவிட்டு, சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருப்பான். திருமலை சித்தூருக்குப் போய்ப் புதுப் பாட்டரி வாங்கிப் போட்டுக்கொண்டான். வண்டி பழையபடி ஒரே இழுப்பில் கிளம்பியது. ஆனால் அவன் ஸ்டாண்டுக்கு ரயிலடி ரோடு வழியாக வருவதை விட்டுவிட்டு, சந்தைப்பேட்டையைச் சுற்றி வந்தான்.

ஒரு நாள் மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே தாட்சாயணி சொன்னாள். "மேரி தண்ணிக்கு வந்தா. ஞானசிங்கு பொண்டாட்டி. கட மூடிட்டு ஆரணிப் பக்கம் போயிடலாம்னு பேசிக்கினு கீறாங்களாம்."

திருமலை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"நம்ம குடத்துத் தண்ணியதானே நீ ஊத்தின? நான் பாத்தேனே."

"வாய மூடிக்கினு சோத்தப் போடு."

"போட்டுட்டேன். துன்னு" என்று அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அவனால் அந்தச் சோற்றைத் தின்ன முடியவில்லை. பிசைந்த கையோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். பொய் சொன்னதுகூட அவனை அவ்வளவாக அறுக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்தானே, அதுதான் திரும்பத் திரும்ப வந்து நின்றது.

மறுநாள் காலை பழைய பாட்டரியைக் காரில் ஏற்றிக்கொண்டு மாங்காட்டுக் கண்டிகைக்குப் போனான். சின்னசாமியையும் செங்கம்மாவையும் ஒரு காரியம் இருக்கிறது என்று மட்டும் சொல்லி அழைத்துக்கொண்டு வந்து, ஞானசிங்கின் கடை வாசலில் நிறுத்தினான். பாட்டரியைப் பலகைமேல் தூக்கி வைத்தான்.

"தெற சிங்கு" என்றான்.

ஞானசிங் அசையவில்லை. திருமலையே மூன்றாவது மூடியைத் திருகி எடுத்தான். உள்ளே பிளேட்டுகள் வெளுத்து, உப்புப் படிந்து, ஓரங்கள் வளைந்து கிடந்தன.

"சிங்கு சரியாத்தான் ஏத்திக் குடுத்தான். தூரமாப் போவாதன்னான். நிறுத்தாதன்னான். கெணத்துத் தண்ணி ஊத்தாதன்னான். எல்லாத்தியும் நான்தான் செஞ்சேன். அவன் மேல பொய் சொன்னேன்." அவன் இதைச் சொன்னபோது ரோட்டில் நாலைந்து பேர் நின்றுவிட்டார்கள். ஸ்டாண்டு டிரைவர் ஏழுமலையும் அவர்களில் ஒருவன். திருமலையின் காது மடல் எரிந்தது.

சின்னசாமி பாட்டரிக்குள் எட்டிப் பார்த்தார்.

செங்கம்மா மெதுவாகப் பேசினாள். அவள் அன்று கத்தியதைக் கேட்டவர்கள் அவளா இது என்று நினைத்திருப்பார்கள். "எங்கள வெயில்ல தள்ள வெச்ச, சரி. நேரம் தப்பிப்போச்சு, அதுவும் சரி. ஒரு பாவமும் அறியாத மனுசனப் போயி என் வாயால மண்ணாப் போவன்னு சொல்ல வெச்சியேப்பா. அத நான் எப்பிடித் திருப்பி எடுப்பேன்?" ஞானசிங் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டாள். ஞானசிங் பதறி, "வேணாம்மா, வேணாம்" என்று அவள் கைகளை இறக்கினான்.

பிறகு திருமலையிடம் சொன்னான். "அன்னிக்கி அந்தம்மா பேசினது எனுக்குக் காதுலயே வுழலண்ணே. நீ இப்ப வாயத் தெறப்ப, இப்ப தெறப்பன்னு உன் மூஞ்சியத்தான் பாத்துக்கினு இருந்தேன்."

திருமலையால் நிமிர முடியவில்லை. "மன்னிச்சுக்கோ" என்று சொல்ல நினைத்துக்கொண்டு வந்திருந்தான். அந்த வார்த்தை இந்தக் கடனுக்குப் போதாத சில்லறைபோல் தோன்றியது. "பஸ் கம்பெனில போய்ச் சொல்றேன்" என்றான்.

"சொல்லு" என்றான் ஞானசிங். அவ்வளவுதான்.

பஸ் கம்பெனி ஷெட்டில் மேனேஜர் ஒரு தெலுங்குக்காரர். மெக்கானிக்குகள் சுற்றி நிற்க, திருமலை தனக்குத் தெரிந்த தெலுங்கில் தொடங்கி, பாதியில் தமிழுக்கு இறங்கி, மறுபடி தெலுங்குக்கு ஏறி, நடந்ததையெல்லாம் சொன்னான். செல்ஃப் முனகியது, விளக்கு மங்கியது, பொடியைத் துடைத்து மூடியது, எதையும் விடவில்லை. "தப்பு நாதி சார்" என்று முடித்தான். தப்பு என்னுடையது. ஒரு மெக்கானிக் வாய்விட்டுச் சிரித்தான். பங்களா டிரைவர் பாட்டரிக்குக் குடிதண்ணீர் ஊற்றினானாம் என்று இன்னொருவன் சொன்னான். மேனேஜர் சிரிக்கவில்லை. காளஹஸ்திக்குப் போவதற்காகக் கட்டி வைத்திருந்த பாட்டரிகளை இறக்கச் சொன்னார்.

ஞானசிங் கடையை மூடவில்லை. எல்லை முடிவானபோது மாங்காட்டுக் கண்டிகை ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. ஒரு வண்டி நின்றுபோனதால் எல்லைக்கோடு நகராது, நாங்கள் பேசியிருந்தாலும் அப்படித்தான் ஆகியிருக்கும் என்று சின்னசாமி எல்லோரிடமும் சொன்னார். திருமலையிடமும் ஒரு முறை சொன்னார். அவன் தலையாட்டினான், நம்பவில்லை. பல வருஷம் கழித்தும் செங்கம்மா தாலுகா ஆபீஸுக்கு வந்தால், திருமலை அவளுக்கு வந்த நோட்டீஸை வாசித்துச் சொல்ல ஆள் பிடித்துக் கொடுத்துவிட்டு, அவள் வெளியே வரும்வரை வேப்பமரத்து நிழலில் வண்டியோடு நின்றுகொண்டிருப்பான்.