பதினோராவது பாட்டு

ஆக்ஸிஜன் குழாயின் வாரைச் சற்றுத் தளர்த்தி, அதன்மேல் ஹெட்போனை மாட்டினாள். அண்ணனின் காதுகள் குளிர்ந்திருந்தன.

"இறுக்குதா?"

இல்லை என்று கண்ணை மூடித் திறந்தான்.

அவன் உயிரையே வைத்திருக்கும் இசைக்குழு ஆறு வருடம் கழித்து நேற்று புது ஆல்பம் வெளியிட்டிருந்தது. பதினொரு பாட்டு, நாற்பத்தாறு நிமிடம். நுரையீரல் சாயங்காலம்வரை தாங்குவது கஷ்டம் என்று டாக்டர் காலையில் சொல்லியிருந்தார்.

"ஒப்பாரிக்குத் தாளம் போட்டு வச்சிருப்பானுங்க. இதுக்கா ஆறு வருஷம் காத்துக்கிடந்தே?" என்றார் அப்பா. வழக்கமான கிண்டல்தான். பதிலுக்குக் காத்திருக்காமல் எழுந்து வெளியே போனார்.

அவள் தன் போனில் பாட்டை ஓடவிட்டாள். இரண்டாவது பாட்டு முடியும்போது அண்ணன் கண்ணைத் திறந்தான்.

"இது கடைசிப் பாட்டு."

"உனக்கெப்படித் தெரியும்?"

"ஒவ்வொருத்தரா... வாசிக்கிறத நிறுத்துறாங்க."

போனைப் பார்த்தாள். பதினோராவது பாட்டு. ஷஃபிளில், பாட்டு வரிசையைக் கலைத்துப்போடும்படி வைத்திருந்ததை மாற்ற மறந்திருந்தாள். லேபில் குடுவை கழுவும்போது அவளுக்கு எந்தப் பாட்டு ஓடினாலும் ஒன்றுதான். அவனுக்கு அப்படியில்லை. புது ஆல்பத்தை முதல்முறை வரிசையாக, நடுவில் யாரும் பேசாமல் கேட்க வேண்டும். போன ஆல்பத்துக்கு அவளை ஒரு மணி நேரம் வீட்டுக்கு வெளியே வைத்துப் பூட்டினான்.

"முதல்லேர்ந்து வை."

"இப்படியே மீதியக் கேளேன்ணா."

"ஏய் சோதனைக்குழாய். லேப்லயும்... இப்படித்தான் மாத்தி மாத்தி ஊத்துவியா?"

மானிட்டரில் ஆக்ஸிஜன் எண்பத்தொன்று. ஒன்பது நிமிடம் போயிருந்தது. முதலிலிருந்து வைத்தாள்.

அவன் சுட்டுவிரல் அவள் மணிக்கட்டில் தாளம் போட்டது.

"பாடுறவ குரல் தேஞ்சிருச்சு."

"நல்லா இல்லையா?"

"மறைக்கல பாரு. அதான் நல்லாருக்கு."

பாட்டு ஓடும்போது அவன் பேசி அவள் கேட்டதில்லை.

இரண்டாவது பாட்டு முடிந்தது. விரல் நின்றது. போனில் மூன்றாவது பாட்டின் பெயர் வந்தது. விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது விநாடி. நாற்பது. மெதுவாகத் தொடங்கும் பாட்டாக இருக்கலாம்.

மானிட்டர் கத்தத் தொடங்கியது. நர்ஸ் ஓடிவந்து அவளை நகரச் சொன்னாள்.

அரை மணி நேரம் கழித்து, உடலை வாங்கக் கையெழுத்துப் போடக் கீழ்த்தளத்துக்கு வரச் சொன்னார்கள். அப்பா லிஃப்டின் முன்னால் நின்றிருந்தார். அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"முழுசாக் கேட்டானா?"

"கேட்டான்ப்பா."

"புடிச்சிருந்துச்சாமா?"

"ம்."

அப்பா தலையாட்டினார். பொத்தானை அழுத்தினார். லிஃப்ட் வந்து கதவு திறந்தது. உள்ளே யாரும் இல்லை. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கதவு மூடிக்கொண்டது. அப்பா மறுபடி அழுத்தினார்.