மேல்கோட்டுக்குள் இளவரசன்

நாத்தனாரின் சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவளுக்கு வாய்த்த சாபக்கேடு, சிறகு முளைத்த ஓர் இளவரசன். ஊரே விழுந்து விழுந்து படிக்கிற காதல் கதையின் நாயகன். இப்போது கதையின் ஐந்தாம் பாகமும் வந்துவிட்டது. அந்தக் கதையின் லட்சணம் அவளுக்குத் தெரியாததல்ல. முதல் பாகத்தில் பச்சைக் கண்ணோடு வந்த நாயகிக்கு மூன்றாம் பாகத்தில் கண் கறுத்துவிட்டது. இளவரசன் இரண்டு முறை செத்து, கொஞ்சமும் வெட்கமில்லாமல் திரும்பி வந்தான். முத்தம் கொடுக்கப் போனால் போதும், மழை பிடித்துக்கொள்ளும். எழுதினவரைக் கூப்பிட்டு நறுக்கென்று நாலு கேள்வி கேட்க வேண்டும் போலிருக்கும். ஆனாலும் எடுத்தால் கீழே வைக்க முடிவதில்லை. அதுதான் எரிச்சல்.

போன பாகத்தில் இளவரசனைச் சங்கிலியில் கட்டிய இடத்தைப் படித்துக்கொண்டே இஸ்திரி போட்டதில், வாடிக்கையாளர் ஒருவரின் வெள்ளைச் சட்டை கருகிப்போனது.

"இனிமே அந்தக் குப்பையைக் கடைக்குள்ள பார்த்தேன், நீ வீட்டோட இருந்துக்கோ," என்று நாத்தனார் கறாராகச் சொல்லிவிட்டாள். தம்பி பெண்டாட்டி என்ற தயவுதாட்சண்யமெல்லாம் கிடையாது. அந்தத் தம்பியோ வேலையில்லாமல் வீட்டில் இருந்தான். இவள் வேலையும் போனால் அடுப்பெரியாது.

ஆகவே ஐந்தாம் பாகம் ஒளிந்துகொண்டது. யாரும் வாங்கிப்போக வராத துணிகளுக்கு நடுவே தொங்கும் ஒரு கறுப்பு மேல்கோட்டின் உள்பையில். நாத்தனார் வெளியே போகும்போதெல்லாம் கொஞ்சம் படிப்பாள். அடையாளத்துக்குத் துணியில் குத்துகிற மஞ்சள் நம்பர் சீட்டு.

அன்று எடுத்தபோது புத்தகத்தில் இரண்டு சீட்டுகள் இருந்தன. மஞ்சள், அவள் வைத்தபடியே பாதியில். இன்னொன்று சிவப்பு, கடைசிப் பக்கத்தில். சிவப்புச் சீட்டு அவசரத் துணிக்கு மட்டும். கட்டாகக் கல்லாவில் பூட்டிக்கிடக்கும், சாவி நாத்தனார் இடுப்பில்.

அவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. என்னை மிரட்டிவிட்டு, என் காசில் வாங்கினதை, எனக்கு முன்னாலேயே முடித்துவிட்டாளா!

புத்தகத்தைக் கோட்டுக்குள் தள்ளுவதற்கும் நாத்தனார் வருவதற்கும் சரியாக இருந்தது. பின்னாலேயே துணி வாங்க வந்த பெண்ணின் கையில் அதே ஐந்தாம் பாகம்.

"மூளை இருக்கறவங்க இதைத் தொடுவாங்களாம்மா?" என்றாள் நாத்தனார், இவளை ஜாடையாகப் பார்த்துக்கொண்டே. "எங்க வீட்லயும் ஒண்ணு இதால கெட்டுக் குட்டிச்சுவராப் போச்சு."

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். சொன்னால் தானும் மாட்டுவாள். மாட்டட்டும், வேலை போனால் போகட்டும்.

"அக்கா, கோட்டுக்குள்ள ஒரு சிவப்புச் சீட்டு..."

நாத்தனாருக்கு முகம் வெளுத்தது. மேசைமேல் குனிந்து, இவள் காதோரம் பல்லைக் கடித்தாள். "இன்னும் ஒரு வார்த்தை பேசினே, கடைசியில உன் இளவரசன் என்ன ஆகறான்னு இங்கேயே சொல்லிடுவேன்."

"என்ன சிவப்புச் சீட்டு?" என்றாள் வந்த பெண்.

வேலையையே விடத் துணிந்தவளுக்குக் கதையின் முடிவை விடத் துணிவில்லை.

"ஒண்ணுமில்லீங்க, அவசரத் துணி," என்று சொல்லிவிட்டு இஸ்திரிப் பெட்டியை எடுத்தாள். அந்த நிமிடம் அவள் நாத்தனாரை வெறுத்த அளவுக்கு, இளவரசனைச் சங்கிலியில் கட்டியவனைக்கூட வெறுத்ததில்லை.