பெடலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே

சனிக்கிழமை மதியம் பள்ளிக்கூடத்திலிருந்து காரில் வீட்டுக்கு வரும் வழியில், கடைசி இறக்கத்தில், டீச்சரின் கால் தரையோடு தரையாகப் போய்விட்டது. பிரேக்கை அமுக்கினால் பாதி தூரத்தில் பெடல் கெட்டியாக எதிர்த்து நிற்கும், அதுதான் பதினோரு வருடப் பழக்கம். அன்றைக்குச் சேற்றில் கால் வைத்த மாதிரி சளக்கென்று உள்ளே இறங்கியது. முன்னால் ஒரு பால் வண்டி நின்றுகொண்டிருந்தது. டீச்சர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இன்னொரு தரம் மிதித்தாள். கார் இடது பக்கமாக இழுத்துக்கொண்டு, மனசில்லாத ஆள் வேலைக்குக் கிளம்புகிற மாதிரி தயங்கித் தயங்கி, பால் வண்டிக்கு ஒரு சாண் பின்னால் நின்றது.

மிச்சத் தூரத்தை முதல் கியரில் நத்தை மாதிரி ஊர்ந்து கடந்தாள். வீட்டு வாசலில் இறங்கிக் குனிந்து பார்த்தாள். பின்பக்க இடது சக்கரத்துக்குக் கீழே எண்ணெய் போல ஏதோ சொட்டிச் சொட்டி ஒரு தட்டு அகலத்துக்குப் பரவிக்கொண்டிருந்தது.

அவளுடைய கணவர் நூலகத்தில் வேலை பார்ப்பவர். எதைச் சொன்னாலும் முதலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுப்பார், பிறகுதான் பதறுவார். அன்றைக்கும் அப்படித்தான். பதறி முடித்ததும் பட்டறைக்குப் போன் போட்டார்.

"அந்த மாடலுக்கு பிரேக் பைப் இப்ப வர்றதில்லையாம். தேடிப் பிடிக்கப் பத்து நாள் ஆகும்னு சொல்றாங்க. வண்டியக் கொண்டு வந்து விட்டுட்டுப் போங்கன்றாங்க."

"பிரேக் இல்லாத வண்டிய எப்படிங்க கொண்டு போறது?"

"அதையும் கேட்டேன். மெதுவா வாங்கன்னான்."

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கணவர் தலையைச் சொறிந்தார். "குட்டியக் கூப்பிடட்டுமா?"

குட்டி அவருடைய தங்கை. வயது நாற்பத்திரண்டு, ஆள் கதவு நிறைய இருப்பாள், குரல் நாலு வீட்டுக்குக் கேட்கும். ஆனாலும் வீட்டில் கடைசியாகப் பிறந்த பாவத்துக்குப் பெயர் குட்டி. ஃப்ரிட்ஜ், ஏசி ரிப்பேர் பார்ப்பவள். குழாய் வளைப்பதும் இணைப்பதும் அவளுக்குக் கை வந்த வேலை. டீச்சருக்கும் அவளுக்கும் சண்டை எதுவும் கிடையாது. நெருக்கமும் கிடையாது. டீச்சர் என்றாலே குட்டிக்கு எட்டத் தள்ளி நிற்கிற பழக்கம். பள்ளிக்கூடம் அவளுக்கு ஒத்துவந்த இடமில்லை. பத்தொன்பது வருடமாக அண்ணி, நாத்தனார் என்று மரியாதையாகப் பேசி மரியாதையாகவே பிரிந்துகொண்டிருந்தார்கள்.

குட்டி போனில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அண்ணி, அடிபடலையே?"

"இல்லம்மா."

"அப்ப சரி. வண்டிய அசைக்காதீங்க. துருவ இளக்குற ஸ்ப்ரே ஒண்ணு வாங்கி, பின்சக்கரம் ரெண்டுகிட்டயும் நட்டு இருக்கிற இடமெல்லாம் அடிச்சு வைங்க. ராத்திரி முழுக்க ஊறட்டும். காலையில வர்றேன்."

ஞாயிறு காலை எட்டு மணிக்கெல்லாம் குட்டி தோள்பையும் சுருட்டிய குழாயுமாக வந்து இறங்கினாள். காப்பியை நின்றுகொண்டே குடித்தாள். முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தாள், பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினாள், இரண்டு பக்கமும் இரும்புத் தாங்கி வைத்தாள், காரைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். அண்ணன் உதவிக்குக் குனிந்தபோது, "நீ தள்ளி நில்லுண்ணா, ஜாக்கிய நம்பி யாரும் உள்ள தலைய விடக்கூடாது" என்றாள். அவர் ரொம்ப நல்லதாகப் போயிற்று என்பது போல ஒதுங்கிக்கொண்டார்.

டீச்சர் ஒதுங்கவில்லை. பழைய போர்வையை விரித்து அவளும் மல்லாந்து உள்ளே நகர்ந்தாள். குட்டி விளக்கடித்துக் காட்டினாள். காரின் வயிற்றோடு ஒட்டி, முன்னாலிருந்து பின்னால்வரை, பென்சிலைவிட மெல்லியதாக இரண்டு குழாய்கள் பக்கத்தில் பக்கத்தில் ஓடின. கடல் காற்று இரண்டையும் தின்றிருந்தது. ஒன்றில், இடது பின்சக்கரத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஈரமாக ஒரு பொட்டு. குட்டி கட்டை விரலால் லேசாக அழுத்தினாள். குழாய் அப்பளம் மாதிரி நொறுங்கியது.

"இதுலயா நான் தினமும் போய் வந்தேன்?"

"இதுலதான். நேத்து வரைக்கும் பிடிச்சிருக்கு பாருங்க, அதுவே பெரிய விஷயம்."

டீச்சர் நொறுங்கிய இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு அவளுக்குள் இருந்த பௌதிக டீச்சர் எழுந்து உட்கார்ந்தாள். "குட்டி, ஒரு விஷயம் எனக்குப் புரியலை. மூடின பாத்திரத்துல இருக்கிற திரவத்த ஒரு இடத்துல அழுத்தினா எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அழுத்தம் போகும். சரிதானே? ஆனா ஒரு இடத்துல ஓட்டை விழுந்தா அழுத்தம் எங்கயுமே நிக்கக் கூடாது. நாலு சக்கரமும் பிடிக்காம போயிருக்கணும். அப்ப வண்டி எப்படி நின்னுச்சு?"

குட்டி விளக்கை இறக்கிவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தாள். அண்ணி தன்னிடம் ஒன்று தெரியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

"ரெண்டு பாத்திரம் அண்ணி. ஒண்ணு இல்ல."

"ரெண்டா?"

"பெடலுக்குப் பின்னாடி பார்க்க ஒரே உருளைதான். உள்ள ரெண்டு அறை. ஒரு அறை முன்னாடி வலது சக்கரத்துக்கும் பின்னாடி இடதுக்கும். இன்னொண்ணு முன்னாடி இடதுக்கும் பின்னாடி வலதுக்கும். குறுக்கும் நெடுக்குமா. ஒண்ணு ஒழுகிப் போனாலும் இன்னொண்ணு தனியா வேலை செய்யும். நேத்து உங்கள நிறுத்தினது இதோ, இது." பக்கத்துக் குழாயைத் தொட்டுக் காட்டினாள். "முன்னாடி இடது சக்கரம் மட்டும் பிடிச்சதாலதான் வண்டி இடது பக்கமா இழுத்திருக்கும்."

இழுத்ததைப் பற்றி டீச்சர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

யாரோ ஒருவர், எங்கேயோ ஒரு மேசையில், இது ஒருநாள் உடையும் என்று முன்கூட்டியே யோசித்திருக்கிறார். அவள் யார், எந்த இறக்கத்தில் வருவாள், முன்னால் பால் வண்டி நிற்குமா என்றெல்லாம் அவருக்குத் தெரியாது. ஆனாலும் அவளுக்காக ஒன்றை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார். அந்த முகம் தெரியாத ஆளை நினைத்துக் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தபடியே டீச்சருக்குக் கண் கலங்கியது. துருத்தூள் விழுந்துவிட்டது என்று சொல்லிச் சமாளித்தாள்.

"இந்தக் குழாயும் அதே வயசுதான். இதுவும் போற வழியிலதான் இருக்கு. ரெண்டையுமே மாத்திடலாம்" என்றாள் குட்டி.

பழைய நட்டுகள் அசைய மறுத்தன. குட்டி குழாயை நட்டுக்குப் பக்கத்திலேயே வெட்டிவிட்டு, ஆறு முனையும் கவ்வுகிற சாக்கெட்டை மாட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு திருகினாள். இரவெல்லாம் ஊறியது வீண்போகவில்லை. ஒவ்வொன்றும் கிறீச்சென்று அழுதுவிட்டுக் கழன்றது. கழற்றிய குழாய்த் துண்டுகளை வாசலில் வரிசையாகப் போட்டு, நூலால் நீளம் அளந்தாள்.

"ஃப்ரிட்ஜுக்குப் போடுற செம்புக் குழாய் இதுக்கு ஆகாதா?" என்று கேட்டார் கணவர், தானும் இருக்கிறேன் என்று காட்டிக்கொள்ள.

"ஆகாதுண்ணா. இதுல போற அழுத்தம் வேற. இது செம்பும் நிக்கலும் கலந்தது. துரு பிடிக்காது. ஆனா முனைய ஒரு மடிப்பு மடிச்சா பத்தாது, ரெண்டு மடிப்பு மடிக்கணும். இல்லைன்னா பிளந்துடும்."

அவள் வெட்டினாள், பிசிறை அரத்தால் சுரண்டினாள், ஒரு இடுக்கியில் முனையைக் கவ்வி, அச்சை வைத்துத் திருகினாள். குழாயின் வாய் மலர்ந்து, தன்மேலேயே மடிந்து, சின்னப் பூ மாதிரி வந்தது. டீச்சர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். இரண்டு முனையும் முடிந்ததும் குட்டி அதை உயர்த்திப் பிடித்து ரசித்தாள். பிறகு அவள் முகம் மாறியது.

"அய்யய்யோ."

"என்னாச்சு?"

"நட்டு போடாம மடிச்சுட்டேன். இனிமே உள்ள நுழையாது."

முதலில் சிரித்தது டீச்சர். அடக்க முடியாமல் போர்வையில் உட்கார்ந்து சிரித்தாள். குட்டி நெற்றியில் அடித்துக்கொண்டு, "இருபது வருஷமா குழாயோட குடும்பம் நடத்துறேன், டீச்சர் பக்கத்துல உக்காந்ததும் எல்லாம் மறந்துடுச்சு, அந்தக் காலத்துல பரீட்சை ஹால்லயும் இதே கதைதான்" என்று கத்தினாள். பக்கத்து வீட்டு ஜன்னல் ஒன்று திறந்து மூடியது. முனையை வெட்டியெறிந்து, நட்டைக் கோத்து, மறுபடி மடித்தாள்.

வளைப்பதுதான் டீச்சரை வாயடைக்க வைத்தது. பழைய துண்டுகளை ஒரு பார்வை பார்த்தாள் குட்டி. அப்புறம் கட்டை விரலும் உள்ளங்கையுமாகக் குழாயை நடத்திக்கொண்டு போனாள். இங்கே மேலே, இங்கே சக்கர அச்சுக்கு வழிவிட்டு, இங்கே பெட்ரோல் தொட்டியைச் சுற்றி. ஒரு இடத்திலும் நசுங்கவில்லை. காருக்கு அடியில் பிடித்துப் பார்த்தபோது அது அங்கேயே முளைத்த மாதிரி உட்கார்ந்தது.

"அளவே எடுக்கலையே நீ!"

"எடுத்தேனே. கண்ணால."

இரண்டாவது குழாயை டீச்சர் கையில் கொடுத்துவிட்டாள். "நீங்க பண்ணுங்க. நட்டு மட்டும் மொதல்ல." டீச்சர் வெட்டினாள், சுரண்டினாள், நட்டைக் கோத்து இரண்டு தரம் சரிபார்த்தாள், திருகினாள். முதல் முனை கோணிக்கொண்டது. வெட்டினாள். அடுத்ததும் கோணியது. மூன்றாவது தடவை பூ வந்தது. குட்டி அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பாஸ்" என்றாள்.

குழாய்கள் மாட்டி முடிந்ததும் உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு மூன்று பேரும் தேவைப்பட்டார்கள். கணவருக்குப் பிரேக் ஆயில் டப்பாவும் ஒரு கண்டிப்பான உத்தரவும் கிடைத்தன: பானட்டுக்குள் இருக்கிற சின்னத் தொட்டியில் ஆயில் கோட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது, ஒரு சொட்டுகூடப் பெயின்ட் மேல் விழக் கூடாது. அவர் அபூர்வப் புத்தகத்தைக் காவல் காப்பது போல நின்றார். டீச்சர் ஓட்டுநர் இருக்கையில்.

"அமுக்குங்க!" என்று குரல் வந்தது சக்கரத்துப் பக்கமிருந்து. "பிடிங்க... பிடிச்சுக்கிட்டே இருங்க... இப்ப விடுங்க!"

டீச்சரின் காலுக்குக் கீழே முதலில் ஒன்றுமே இல்லை. வெறும் ஆழம். சக்கரத்தில் மாட்டிய கண்ணாடி மாதிரிச் சின்னக் குழலில் குமிழிகள் பொங்கிப் போகின்றன என்று குட்டி சொல்லிக்கொண்டே இருந்தாள். நாலு சக்கரத்துக்கும் மாறி மாறி அமுக்கி விட்டு, அமுக்கி விட்டு, முப்பது தடவையோ நாற்பது தடவையோ. பிறகு, எப்போது என்று சொல்ல முடியாமல், பெடல் காலுக்கு எதிராக மெல்லத் திரும்பி நின்றது. உறங்கிக் கிடந்த ஓர் உடம்பு விழித்துக்கொண்டு, யாரது என்று கேட்பது போல இருந்தது. டீச்சர் அப்படியே மிதித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணி, இறங்கி வாங்க. ஒண்ணு காட்டுறேன்."

கழற்றி வைத்திருந்த பின்பக்க இடது சக்கரத்தை மறுபடி மாட்டியிருந்தாள். கார் இன்னும் தாங்கியின் மேல்தான். கியரையும் கைப்பிரேக்கையும் விடுவித்தாயிற்று. குட்டி அண்ணனைப் பெடல் பக்கம் அனுப்பினாள். காலால் அல்ல, குனிந்து கையால் அமுக்கச் சொன்னாள்.

"நீங்க சக்கரத்தச் சுத்துங்க அண்ணி. நல்லா பலமா."

டீச்சர் இரண்டு கையாலும் சுழற்றிவிட்டாள். சக்கரம் சரசரவென்று சுற்றியது.

"அண்ணா, இப்ப!"

சக்கரம் நின்றது. குறையக் குறைய நிற்கவில்லை. சுற்றிக்கொண்டிருந்தது, நின்றது, அவ்வளவுதான். டீச்சர் அதைத் திருப்பப் பார்த்தாள். தோளைக் கொடுத்துத் தள்ளினாள், காலை ஊன்றி மூச்சைக் கட்டி இழுத்தாள். ஒரு மயிரிழை நகரவில்லை. எட்டிப் பார்த்தால், அந்தக் கடைசியில் அவளுடைய கணவர், புத்தகப் பக்கம் புரட்டிப் பழகிய உள்ளங்கையைப் பெடல் மேல் வைத்துக்கொண்டு, "போதுமா?" என்று சாதுவாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நடுவில் இருந்தது அந்த மெல்லிய குழாய் மட்டும். அதற்குள் ஒரு கைப்பிடித் திரவம். பத்தொன்பது வருடமாகக் கரும்பலகையில் இரண்டு கட்டமும் நடுவில் ஒரு கோடும் போட்டு, அம்புக்குறி வரைந்து, எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அந்தக் கோட்டுக்குள் இப்படி ஒரு பலம் ஓடுகிறது என்று அவள் உடம்புக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"இன்னொரு தடவை" என்றாள். சுழற்றினாள். நின்றது. "இன்னொரு தடவை."

ஆறாவது தடவைக்குக் கணவர், "இடுப்பு பிடிச்சுக்குது" என்று எழுந்துவிட்டார்.

பெடலை முழு பலத்தோடு அமுக்கிப் பிடித்து, ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தார்கள். டீச்சர் செய்த முனையில்தான் துணியில் ஒரு பொட்டு ஈரம் தட்டியது. டீச்சரின் முகம் விழுந்துவிட்டது. குட்டி கால் சுற்று இறுக்கினாள். துடைத்தாள். காத்திருந்தார்கள். மறுபடி துடைத்தாள். காய்ந்த துணி.

காரை இறக்கி, சமதளமான தெருவில் நடக்கிற வேகத்தில் முதல் ஓட்டம். டீச்சர் மிதித்தாள், நின்றது. கொஞ்சம் வேகம் கூட்டினாள், நின்றது. தெரு காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஸ்டியரிங்கைச் சும்மா தொட்டுக்கொண்டு, பிரேக்கை அழுத்தமாக மிதித்தாள். கார் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாயாமல் நூல் பிடித்த மாதிரி நேராக நின்றது. பக்கத்து இருக்கையில் குட்டி முன்னால் போய்ப் பின்னால் வந்தாள்.

"இதையெல்லாம் யாரு முதல்ல யோசிச்சிருப்பாங்க குட்டி?"

"யாருக்குத் தெரியும் அண்ணி. எவனோ ஒருத்தன் நம்மள மாதிரி பயந்திருப்பான்."

டீச்சர் இன்ஜினை அணைத்துவிட்டு, கருப்பேறிய தன் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தெருவில் யாரோ சைக்கிளில் மணியடித்துக்கொண்டு போனார்கள். கொஞ்ச நேரம் கழித்துக் குட்டிதான் சொன்னாள், "பசிக்குது அண்ணி, வீட்டுக்குப் போவோம்."