கொழுவியில் குறைந்த எடை

சில்லுப் பூட்டிய சிறு வீடான கரவானைக் காரின் பின்னால் கொழுவி இழுக்கும்போது அது ஒழுங்காக வருமா, நெடுஞ்சாலையில் வாலை ஆட்டிக் காரையும் சேர்த்துக் கவிழ்க்குமா என்பதை முடிவு செய்வது அதன் மூக்கு. முன்னால் முக்கோணமாக நீண்டு, காரில் மாட்டும் கொழுவியில் முடியும் இரும்புச் சட்டத்தைத்தான் மூக்கு என்கிறேன். அந்த நுனி காரின் மேல் போதிய பாரத்தோடு அழுந்த வேண்டும். பாரம் குறைந்தால் ஆட்டம் தொடங்கும். கூடினால் காரின் பின்பக்கம் அமிழ்ந்துவிடும். எண்பது கிலோ அளவில் இருந்தால் நிம்மதியாக ஓட்டலாம்.

குலசிங்கம் அண்ணை வாங்கிய கரவானின் மூக்கு வெறும் சட்டமாகத்தான் இருந்தது. இரண்டாயிரத்துப் பன்னிரண்டாம் ஆண்டு தை மாதம். அவர் பாரிசில், லூயி-பிளாங்க் பக்கம் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். கோடையில் புறநகர்களில் நடக்கும் தமிழ் விளையாட்டுப் போட்டிகளுக்குக் கரவானோடு போய் றோல்ஸும் கொத்து ரொட்டியும் விற்பது அவருடையதும் மனைவி இராசேஸ்வரி அக்காவுடையதும் திட்டம். கட்டடங்களுக்குச் சூடாக்கி பூட்டுவது என் தொழில் என்பதால் காஸ் வேலையும் மின்சார வேலையும் என்னிடம் வந்தன. ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் ஒரு மளிகைக் கடைக்குப் பின்னாலிருந்த முற்றத்தில் கரவான் நின்றது.

அவர்களுக்கு ஒரே மகன், கீர்த்தனன். இரண்டாயிரத்து ஒன்பதில், வன்னியில், போரின் கடைசி நாட்களில், சனத்துக்குள் தகப்பனின் கையை விட்டுப் போனவன். அக்கா அதற்கு இரண்டு வருடம் முன்பே பாரிசுக்கு வந்துவிட்டார். அண்ணை முகாமிலிருந்து வெளியேறிப் பிறகு வந்து சேர்ந்தார். மகன் எங்கோ ஒரு தடுப்பு முகாமில் உயிரோடு இருக்கிறான் என்பதுதான் அக்காவை நடமாட வைத்துக்கொண்டிருந்தது. அவன் படத்துக்கு மாலை போட அவர் விடவில்லை. அண்ணையும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

மூக்குச் சட்டத்தில் முதலில் இரண்டு காஸ் சிலிண்டருக்கான தட்டைப் பூட்டினேன். பியூட்டேன் காஸ் வேண்டாம், புறொப்பேன்தான் வேண்டும் என்று அண்ணைக்கு விளங்கப்படுத்தினேன். சிலிண்டருக்குள் இருப்பது திரவம். அது ஆவியாக வெளியே வந்தால்தான் அடுப்பு எரியும். உறைகுளிரில் பியூட்டேன் ஆவியாக மறுத்துப் படுத்துவிடும். புறொப்பேன் கடுங்குளிரிலும் எழும்பி வரும். அது காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் கீழேதான் தங்கும். ஆகவே தட்டின் அடியில் ஓட்டைகள் விட்டேன். பற்றறிக்கு மறுபக்கத்தில் தனிப் பெட்டி, தனிக் காற்றுவழி. பற்றறியில் எப்போதாவது பொறி பறக்கும், பொறியும் காஸும் அருகருகே இருக்கக்கூடாது.

கேட்டது காஸ் பூட்டத்தான், வகுப்புக்கும் சேர்த்துக் காசு கேட்பாயோ என்று அண்ணை நக்கலடித்தார்.

எல்லாம் பூட்டியபின் மூக்கை நிறுக்க வேண்டும். மளிகைக் கடையில் அரிசி மூட்டை நிறுக்கும் முள் தராசை இரவல் வாங்கி, அதன்மேல் ஒரு கட்டையை நட்டு, கட்டையின் மேல் கொழுவியை இறக்கினேன். சில்லுகளுக்குக் கல் வைத்தாயிற்று. வேலைக்கு முன் மூக்கு என்ன காட்டியது, நான் ஏற்றியவை எவ்வளவு, அவை எந்த இடத்தில் இருக்கின்றன என்பதெல்லாம் எனக்குத் தெரியும். கூட்டினால் எண்பது வர வேண்டும்.

முள் ஐம்பத்தெட்டில் நின்றது.

முற்றம் சரிவோ என்று மட்டம் வைத்துப் பார்த்தேன். சரிவில்லை. பின்னாலுள்ள தண்ணீர்த் தாங்கியில் துளி இல்லை. பழைய கரவானின் தரை ஈரம் உறிஞ்சிப் பாரமாவதுண்டு. கீழே படுத்துத் தட்டினேன், காய்ந்த பலகைதான். தராசில் நான் ஏறி நின்றேன், என் எடையைச் சரியாகக் காட்டியது. உள்ளே போய்ப் பார்த்தேன். முன்னால் ஒரு இருக்கை, சில்லுகளின் அச்சுக்குச் சற்றுப் பின்னால் அடுப்பு, கடைசியில் ஒரு இருக்கை. எல்லாம் வெறுமை. வெளியே வந்து கதவைச் சாத்தினேன். முள் அதே இடத்தில் நின்றது.

"துலா மிதிக்கிறவன் பின்னுக்குப் போனமாதிரிக் கிடக்கு," என்றார் அண்ணை.

அவர் சொன்னது சரியான உதாரணம். கிணற்றுத் துலாவின் மேல் நடப்பவர் பின்னுக்குப் போனால் முன் நுனி எழும்பும். கரவானுக்கு அச்சுத்தான் நடுக்கால். பின்னால் ஒரு பாரம் ஏறினால் மூக்கு இலேசாகும். ஆனால் பாரம் எது?

அதைப் பிறகு பார்ப்போம் என்று அடுப்பைச் சோதிக்கப் போனேன். இணைப்புகளில் சவர்க்கார நுரை பூசினேன், குமிழி வரவில்லை. அடுப்பை மூட்டி, நீலச் சுவாலையைச் சிறிதாக விட்டு வெளியே இறங்கினேன். நல்ல குளிர். அண்ணை தராசின் முன் குந்தியிருந்தார்.

"தவம், இஞ்சை வாரும்."

முள் ஏறிக்கொண்டிருந்தது. துள்ளி ஏறவில்லை. ஒருவர் காலடி வைத்து நடப்பதுபோல, நின்று நின்று ஏறியது. அறுபத்தெட்டில் போய் ஓய்ந்தது. உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன். முள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு அதேபோல நின்று நின்று ஐம்பத்தெட்டுக்கு இறங்கியது. யன்னலால் எட்டிப் பார்த்தேன். வெறும் இருக்கைகள்தான்.

மூளை தானாகக் கணக்கைத் தொடங்கிவிட்டது, என் பழக்கம் அப்படி. ஒரு தடவை மட்டும் நிறுத்தால் எடையையும் தூரத்தையும் பிரித்தறிய முடியாது. அச்சுக்குக் கிட்ட நிற்கும் பாரமான ஆளும் தூரத்தில் இருக்கும் இலேசான ஆளும் மூக்கை ஒரே அளவுதான் தூக்குவார்கள். அதே ஆள் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போனால் அந்த மாற்றத்திலிருந்து எடை வெளியே வந்துவிடும். பின் இருக்கையிலிருந்து அடுப்படிக்கு எவ்வளவு தூரம் என்று அளந்து வைத்திருந்தேன். முள் பத்து ஏறியது. கணக்குச் சுத்தமாக வந்தது.

"நாற்பது கிலோ," என்றேன். "பின் சீற்றில இருந்திட்டு அடுப்படிக்கு வந்து போகுது."

சொல்லித் திரும்பியபோது அக்கா பின்னால் நின்றார். கையில் திரைச்சீலைத் துணி. எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. அவர் என்னைப் பார்க்கவில்லை, கணவரின் முகத்தைப் பார்த்தார். அண்ணை யாரை நினைக்கிறார் என்பதை அந்த முகத்தில் யாரும் படித்துவிடலாம்.

"என்ர பிள்ளை எழுபது கிலோ," என்றார் அக்கா. "நான் வெளிக்கிடேக்கை கதவு நிலையில தலை முட்டும். நாற்பது கிலோவெண்டால் அது ஆரோ. என்ர பிள்ளை இல்லை."

அவர் குரலில் இருந்தது ஆறுதல். அண்ணை தலையாட்டினார். இல்லை இல்லை, தராசுதான் பழுது என்றார். பழைய தராசுதானே என்று நானும் சேர்ந்துகொண்டேன்.

அக்காவுக்கு அது போதவில்லை. உள்ளே ஒருவரும் இல்லையென்று தானே காட்டுவதாகச் சொன்னார். தான் போய்ப் பின் சீற்றில் இருந்தால் முள் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கேட்டார். இறங்க வேண்டும், முப்பது கிலோவுக்கு மேல் இறங்கி அங்கேயே நிற்கும் என்றேன். அவர் ஏறிக் கதவைச் சாத்தினார்.

அந்தக் கதவு மூடிய பிறகுதான் அண்ணை மெல்லச் சொன்னார்.

"முகாமில என்னை நிறுத்தவங்கள், தவம். நாற்பத்திமூண்டு கிலோ. பொடியன் அதுக்கு முதலே என்னைவிட மெலிஞ்சிட்டான். தன்ர கஞ்சியையும் எனக்குத்தான் தந்தவன்."

அக்கா இருக்கையில் அமர்ந்த சத்தம் கேட்டது. முள் சரசரவென்று இருபத்தைந்துக்கு இறங்கியது. கணக்குப்படி அங்கே நிற்க வேண்டும். நிற்கவில்லை. மெல்ல ஏறத் தொடங்கியது. முப்பது. உள்ளே அந்தப் பாரம் அடுப்படியைக் கடந்தது. நாற்பது. சில்லுகளுக்கு மேலே வந்து, அதையும் தாண்டி முன்னுக்கு வந்தது. ஐம்பத்தெட்டில் நின்றது. அவ்வளவு ஏற வேண்டுமென்றால் அந்த நாற்பது கிலோ எழும்பிப் போய் முன் இருக்கையில் இருந்தாக வேண்டும். அக்காவுக்கு நேரெதிரே.

"இஞ்சாருங்கோ, இறங்கினதோ?" உள்ளேயிருந்து அக்கா கேட்டார்.

அண்ணை என்னைப் பார்க்கவில்லை. முள்ளைத் தன் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டார், நான் பார்க்கக்கூடாது என்பதுபோல.

"ஓம். நீர் சொன்னமாதிரித்தான். ஒருத்தரும் இல்லை."

"நான் அப்பவே சொன்னன்." அவர் அங்கேயே இருந்து, எந்த யன்னலுக்கு எவ்வளவு துணி போகும் என்று சத்தமாக அளக்கத் தொடங்கினார். பேச்சு எங்களோடுதான். ஆனால் அவர் பார்த்துக்கொண்டிருந்தது முன் இருக்கையைத்தான் இருக்க வேண்டும், வேறு பக்கம் பார்க்க அங்கே இடமில்லை.

அண்ணை எழும்பி என் தோளைப் பிடித்துச் சற்று அப்பால் கூட்டிப்போனார். ஓடும்போது ஒரு ஆள் உள்ளே நடந்து திரிந்தால் என்னவாகும் என்று கேட்டார்.

நான் உள்ளதைச் சொன்னேன். ஒரே இடத்தில் இருக்கும் பாரத்துக்குச் சிலிண்டரையும் பற்றறியையும் முன்பின் நகர்த்தி ஈடுகட்டலாம். நடந்து திரியும் பாரத்துக்கு ஈடுகட்ட ஒரு வழியும் இல்லை. வேகத்தில் பின்னுக்குப் போனால் ஆட்டம் பிடித்துவிடும். அச்சுக்கு நேர்மேலே இருந்தால் மட்டும் மூக்குக்கு ஒன்றும் தெரியாது, எவ்வளவு எடையென்றாலும்.

"அச்சுக்கு மேல எண்டால் எந்த இடம்?"

சில்லுக்கு நேரே, அடுப்புக்கு முன்னாலுள்ள அலுமாரியின் அருகே, தரையில் என்று வெளியே நின்றபடி கையை வைத்துக் காட்டினேன். அவர் தன் கையையும் அதே இடத்தில் தகரத்தின் மேல் வைத்தார். உள்ளே அக்கா நீலத் துணியா, பச்சைத் துணியா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"சரி," என்றார் அண்ணை. "ஓடேக்கை இதில இருக்கச்சொல்லி நான் சொல்லிவிடுறன். நான் சொன்னால் கேப்பான்."